லைசன் புதுப்பிக்க எவ்வளவு முடியும்?

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுடன் நாம் நடத்தும் கூட்டங்களில் பேச்சு விதையில் தொடங்கும். உரம், தண்ணீர், காணிப் பத்திரம் என்று நீளும். எழும்பிப் போகிற நேரத்தில் யாராவது ஒருவர், "ஐயா, லைசன் புதுப்பிக்க எவ்வளவு முடியும்?" என்று கேட்பார். அண்மைக் காலமாக இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை எனலாம்.

முன்பெல்லாம் நாமும் கவுண்டரில் கட்ட வேண்டிய தொகையைச் சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுவோம். லக்கலப் பக்கத்திலிருந்து வரும் ஒரு சகோதரர்தான் எமது கண்ணைத் திறந்தவர். அவர் தமது செலவையெல்லாம் பிள்ளையின் பழைய பள்ளிக்கூடக் கொப்பியொன்றில் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். அதில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. அரசாங்கத்துக்குக் கட்டிய பணம் அவற்றில் இரண்டு வரிகள் மட்டுமே: ஒன்று வைத்தியச் சான்றிதழுக்கு, மற்றது அனுமதிப்பத்திரத்துக்கு. மற்றப் பத்து வரிகளும் பஸ், சாப்பாடு, போட்டோ கொப்பி, வேலைக்குப் போகாத நாள் என்றிருந்தன. வேலைக்குப் போகாத நாள் மட்டும் நான்கு.

நான்கு நாள் என்றால் எவ்வளவு? தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என வர்த்தமானியில் வந்தது. அதையே நாம் அளவுகோலாக வைத்துக்கொள்வோம். உங்கள் கூலி அதற்கு மேலாக இருந்தால் கணக்கும் அதற்கேற்ப மேலே போகும். நான்கு நாள் 5,400 ரூபா. அந்தப் பணம் எந்தத் திணைக்களத்துக்கும் போகவில்லை, எந்தப் பற்றுச்சீட்டிலும் வரவில்லை. அந்த நான்கு நாளில் இரண்டு நாட்களை அவர் மிச்சம் பிடித்திருக்கலாம் என்பதுதான் எமக்கு வருத்தம். எப்படி என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

அதற்கு முன், "நிலம் போன குடும்பத்துக்கு லைசன் என்ன பெரிய விடயம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலம் போனதனால்தான் அது பெரிய விடயம். எம்மவர்களின் கதை தெரிந்ததே. 1977 ஆகஸ்டிலும் 1983 யூலையிலும் இம்மாவட்டத்தில் வீடு வாசலை விட்டு ஓடியவர்கள் உண்டு. வன்னிக்குப் போய், அங்கே காடு வெட்டிக் கழனியாக்கி, போரில் அதையும் இழந்து 2009க்குப் பின் உறவினரைத் தேடி வந்தவர்கள் உண்டு. மொரகஹகந்த – களுகங்கைத் திட்டத்துக்காக எழுந்தவர்கள் உண்டு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிங்கள விவசாயிகள். அவர்களும் எமது கூட்டங்களுக்கு வருகிறார்கள், இவ்விடயத்தில் அவர்களுக்கும் எமக்கும் ஒரே தலையிடிதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மலை சரிந்து வீடும் தோட்டமும் இழந்தவர்கள் கடைசியாகச் சேர்ந்திருக்கிறார்கள்.

இவர்களில் பலர் புதிய இடத்தில் முதற் போகம் எடுக்குமுன் வண்டி ஓட்டித்தான் சாப்பிட்டார்கள். இன்னொருவரின் லேண்ட் மாஸ்டரைக் கூலிக்கு உழுவது, தம்புள்ள பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி மூட்டை ஏற்றும் லொறியில் சாரதியாகப் போவது, இரவல் ஓட்டோவை நாள் வாடகைக்கு எடுத்து ஓடுவது என்று ஏதோ ஒன்று. காணி உறுதி இல்லாத மனிதனுக்கு அந்தச் சிறிய அட்டையே உறுதியாக இருக்கிறது. வங்கியில் அடகு வைக்க முடியாது, ஆனால் மறுநாள் காலையில் வேலை தரும்.

பழைய லைசனும் புதிய அட்டையும்

வயதானவர்கள் சிலர், "எங்கள் காலத்தில் ஒருமுறை எடுத்தால் சாகும்வரை செல்லும். இப்போது மட்டும் ஏன் புதுப்பிக்க வேண்டும்?" என்று கோபிக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியே. நமது நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் வழங்கப்பட்ட பழைய அனுமதிப்பத்திரத்தில் முடிவுத் திகதி இருக்கவில்லை. 2009இல் புதிய அட்டை முறை வந்தபோதுதான் காலக்கெடுவும் வந்தது. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார் போன்ற இலகு வாகனங்களுக்கு 8 வருடம். லொறி, பஸ் போன்ற கனரக வாகனங்களுக்கு 4 வருடம்.

இந்த எட்டும் நான்கும் சேர்ந்து ஒரு கணக்கைத் தருகின்றன. 2010இல் அட்டை எடுத்த ஓட்டோக்காரர் 2018இல் புதுப்பித்திருப்பார். அது 2026இல் முடியும். அதே 2010இல் எடுத்த லொறிச் சாரதிக்கு 2014, 2018, 2022, பின்னர் 2026. இரண்டு வரிசையும் 2018இலும் 2026இலும் சந்திக்கின்றன. எமது கூட்டங்களில் இப்போது இந்தக் கேள்வி அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2018 என்பது லக்கலவிலிருந்து எழுந்தவர்கள் மறக்க முடியாத வருடம். மொரகஹகந்த நீர்த்தேக்கம் அவ்வருட ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. களுகங்கையில் அதே வருடம் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். பழைய பல்லேகம நகரம் நீருக்குள் போனது. நாம் சொன்ன சகோதரர் தண்ணீர் ஏறுமுன் அட்டையைப் புதுப்பித்தவர். ஆகவே அவரது சட்டைப்பையில் இருந்த அட்டையில் எட்டு வருடமாக, குளத்தின் அடியில் கிடக்கும் வீட்டின் முகவரியே அச்சாகியிருந்தது. பொலிஸார் மறிக்கும்போது முகவரியைப் பார்த்துவிட்டு, "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்களாம். இவர் குளத்தின் பக்கம் கையைக் காட்டுவாராம். சிரிப்பாகச் சொன்னார்; ஆனால் அந்த முகவரிதான் அவருக்கு இரண்டு நாட்கூலியைத் தின்றது.

முகவரி

இடம்பெயராத ஒருவருக்குப் புதுப்பித்தல் நேரான வேலை. வைத்தியச் சான்றிதழ், பழைய அட்டை, தேசிய அடையாள அட்டை, நிரப்பிய படிவம், கட்டணம் இருந்தால் போதும். எமக்கோ பழைய அட்டையில் ஒரு முகவரி, அடையாள அட்டையில் இன்னொன்று, இப்போது தலை சாய்க்கும் இடம் மூன்றாவது. மூன்றும் மூன்று விதமாக இருந்தால், கவுண்டரில் இருப்பவர் எதை நம்புவார்? புதிய முகவரியைப் போடும்படி கேட்டால் அவர் அத்தாட்சி கேட்பது நியாயமே. எமது சகோதரர் அத்தாட்சி ஒன்றும் கொண்டுபோகவில்லை. திரும்பி வந்தார். ஒரு நாள் போனது.

ஆகவே பயணம் தொடங்க வேண்டிய இடம் மாத்தளை நகரமல்ல, உங்கள் கிராம சேவகரின் காரியாலயம். நீங்கள் இப்போது வசிக்கும் பிரிவின் கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுங்கள். பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் பெற்றுக்கொள்ளுங்கள். முகாமிலோ உறவினர் வீட்டிலோ தற்காலிகமாக இருப்பவர்கள், எந்தப் பிரிவில் பதிவு இருக்கிறதென்று முதலில் கேட்டறிய வேண்டும். பழைய பிரிவில் பெயர் வெட்டப்பட்டு, புதிய பிரிவில் ஏறாமல் அந்தரத்தில் நிற்கும் குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு லைசன் மட்டுமல்ல, வாக்குரிமையும் நிவாரணமும் சேர்ந்தே தடைப்படும். அதைச் சரிசெய்வது லைசனுக்கு முந்திய வேலை.

நிரந்தர இடம் கிடைத்தவர்கள் அடையாள அட்டையின் முகவரியையும் மாற்றுவது நல்லது. அதற்கும் விண்ணப்பம் கிராம சேவகர், பிரதேச செயலகம் வழியாகவே ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகிறது. அடையாள அட்டை கைக்கு வந்தபின் லைசனைப் புதுப்பித்தால், ஒரே பயணத்தில், புதிய அட்டையிலேயே சரியான முகவரி வந்துவிடும். முன்னதை விட்டுப் பின்னதைச் செய்தால், பிறகு முகவரிக்காக இன்னொரு அட்டை, இன்னொரு கட்டணம், இன்னொரு நாட்கூலி.

முகவரியில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. சாதாரண சேவையில் விண்ணப்பித்தால் அட்டை தபாலில் வரும். தபால்காரர் கண்டுபிடிக்க முடியாத முகவரியைக் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. புதிய குடியேற்றங்களில் வீட்டிலக்கம் இல்லாதவர்கள், எந்தத் தபாற்கந்தோர் தமது பகுதிக்குப் பொறுப்பு என்று கேட்டு, அதன் பெயரை முகவரியில் சேர்த்து எழுதுங்கள். தபாலதிபரிடம் போய் முகத்தைக் காட்டி, "எனக்கு ஒரு பதிவுத் தபால் வரவேண்டும்" என்று சொல்லி வைப்பதும் வீணல்ல. கிராமத்தில் அதுதான் மிகவும் பலிக்கும் முறை.

பெயரும் இலக்கமும்

முகவரிக்கு அடுத்த தொல்லை பெயர். தோட்டப் பக்கத்தில் பிறந்த எம்மவர்களின் பெயர்கள் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், லைசனில் இன்னொரு விதமாகவும் இருப்பதொன்றும் புதுமையல்ல. தகப்பன் பெயர் முன்னால் வந்தும் பின்னால் வந்தும், ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடியும் குறைந்தும் போயிருக்கும். பதிந்தவர் தமிழ் தெரியாதவராக இருந்திருப்பார்; பதியச் சொன்னவர் எழுத்துத் தெரியாதவராக இருந்திருப்பார். பிழை இருவருடையதும்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும் அலைவது பிள்ளைகள்.

வீட்டை விட்டுப் புறப்படுமுன் மூன்று பத்திரங்களையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். கண் மங்கியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பேதம் இருந்தால் பிரதேச செயலகத்தில் முதலில் அதைக் காட்டி என்ன செய்வதென்று கேளுங்கள். அடையாள அட்டை இலக்கமும் அப்படியே. 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் இலக்கம் 12 தானங்கள் கொண்டது. அதற்கு முந்தியது 9 இலக்கமும் ஓர் எழுத்தும். பழைய லைசனில் பழைய இலக்கமும் கையில் புதிய அடையாள அட்டையும் இருப்பவர்கள், பழைய அடையாள அட்டையின் போட்டோ கொப்பி இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

வைத்தியச் சான்றிதழ்

தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகம் தரும் சான்றிதழே இதற்குச் செல்லும். ஊர் டொக்டரிடம் எடுத்த துண்டு எடுபடாது. நாளும் நேரமும் முன்கூட்டியே ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும். எமது சகோதரர் ஒதுக்காமல் போய் ஒரு நாளை இழந்தார். நான்கில் இரண்டு நாள் இப்படித்தான் போனது: ஒன்று இங்கே, ஒன்று முகவரியில்.

அங்கே கண்பார்வை, இரத்த அழுத்தம் முதலானவற்றைப் பார்ப்பார்கள். கண்ணாடி போடுபவர் கண்ணாடியைக் கொண்டுபோக வேண்டும். இதைச் சொல்லவும் வேண்டுமா என்று நினைக்காதீர்கள். "நல்லதாக இருக்கட்டும்" என்று கண்ணாடியை வீட்டில் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனவரையும் நாம் கண்டிருக்கிறோம். இரத்த அழுத்தத்துக்கு மருந்து குடிப்பவர்கள் அன்றைக்கு மருந்தை விட்டுவிடக் கூடாது. கிளினிக் கொப்பி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். நாற்பது தாண்டியவர்கள், பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் கண்ணையும் பிரஷரையும் முன்கூட்டியே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. அங்கே பணம் இல்லை; குறை இருந்தால் முதலிலேயே தெரிந்துவிடும்.

இந்தச் சான்றிதழுக்கும் ஆயுள் உண்டு: ஆறு மாதம். முகவரி வேலையை முடிக்காமல் அவசரப்பட்டு இதை எடுத்துவைத்தால், அந்த வேலை முடிவதற்குள் இது காலாவதியாகிவிடக்கூடும். ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் கிராம சேவகர், பிறகு வைத்தியச் சான்றிதழ், கடைசியில் கச்சேரியிலுள்ள மோட்டார் போக்குவரத்துப் பகுதி. கொழும்புக்கருகே வெரஹெரவுக்குப் போனால் ஒரே நாளில் அட்டையைக் கையில் எடுக்கலாம் என்பது உண்மையே. ஆனால் அந்தச் சேவைக்குக் கட்டணம் கூட. மாத்தளையிலிருந்து போக வர முழு இரவும் பகலும் போகும். நாளைக்கே சாரதி வேலை காத்திருக்கிறது என்றாலொழிய எமது மக்களுக்கு அது தேவையில்லை என்பதே எமது எண்ணம்.

கட்டணம் ஏன் ஏறுகிறது?

கட்டணம் வர்த்தமானி அறிவித்தல் மூலம் மாறுவது. இந்தச் சஞ்சிகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது. ஆகவே தொகையை இங்கே அச்சிட்டு, அதை நம்பி நீங்கள் எண்ணிக்கொண்டுபோய்ப் பத்து ரூபா குறைந்து நிற்க வேண்டாம். புறப்படுவதற்கு முதல் நாள் 1919க்கு அழையுங்கள். அது அரசாங்கத் தகவல் நிலையம். தமிழிலும் பதில் சொல்வார்கள். எந்த வகை வாகனம், சாதாரண சேவையா ஒருநாள் சேவையா, திகதி கடந்துவிட்டதா என்ற மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். தொகையைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஏறுகிறது என்பதற்கு 2022ஆம் ஆண்டு ஒரு பாடம். அட்டை பிளாஸ்டிக், அது வெளிநாட்டிலிருந்து டொலருக்கு வருவது. அவ்வருடத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐ எட்டியது. அட்டை வாங்க டொலர் இல்லாமல், இலட்சக்கணக்கானவர்களுக்குக் கடதாசியில் அச்சிட்ட தற்காலிகப் பத்திரமே கொடுத்தார்கள். வெங்காய விதைக்கும் யூரியாவுக்கும் வந்த அதே வியாதிதான் லைசனுக்கும் வந்தது.

அதற்கு முந்திய கொரோனாக் காலத்தில், 2020இலும் 2021இலும், முடிந்த லைசன்களின் காலத்தை அரசாங்கமே நீடித்தது. அதிலிருந்து சிலருக்கு ஒரு பழக்கம்: "எப்படியும் நீடிப்பார்கள்" என்று இருந்துவிடுவது. நீடிப்பு வந்தால் வர்த்தமானியில் வரும், வானொலியில் சொல்வார்கள். வராதவரை அட்டையில் உள்ள திகதியே திகதி.

இந்தியாவில், கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கும் எமது உறவினருக்கு இது எப்படி என்று சிலர் கேட்பதுண்டு. அங்கே 2016 டிசம்பரில் புதுப்பித்தல் கட்டணம் 200 இந்திய ரூபா என விதிக்கப்பட்டது. ஆனால் திகதி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டால் மீண்டும் ஓட்டிக்காட்ட வேண்டும். கட்டணம் சிறியது, அசட்டைக்குக் கொடுக்கும் விலை பெரியது. இங்கும் அப்படித்தான்.

புதுப்பிக்காமல் விட்டால்

2016 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், லைசன் இல்லாமல் ஓட்டுவது உட்பட ஏழு குற்றங்களுக்குக் குறைந்தது 25,000 ரூபா அபராதம் என்றார்கள். பஸ் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. ஆனாலும் பின்னர் சட்டத்தைத் திருத்தி அபராதங்களை உயர்த்தினார்கள். 25,000 ரூபாவை 1,350 ஆல் பிரித்துப் பாருங்கள்: பதினெட்டு நாட்கூலி கொடுத்தும் முடியாது. லைசன் இல்லாதவரைச் சாரதியாக வைத்திருக்கும் முதலாளியும் அந்த ஏழு குற்றங்களுக்குள் வருகிறார். ஆகையால்தான் தம்புள்ளயில் லொறிக்காரர்கள் வேலைக்கு எடுக்குமுன் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

பின்பக்கத்தை நீங்களும் பாருங்கள். அங்கே வாகன வகைகள் படத்துடன் வரிசையாக இருக்கும். நீங்கள் ஓட்டக்கூடிய ஒவ்வொரு வகைக்கும் எதிரே தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் தனித்தனியே இருக்கும். கை உழவு இயந்திரத்துக்கு 'ஜி 1' என்றும், பெரிய டிரக்டருக்கு 'ஜி' என்றும் தனி வகைகள் உண்டு. மோட்டார் சைக்கிள் லைசன் இருக்கிறதே என்று லேண்ட் மாஸ்டரில் பெட்டி பூட்டி மெயின் ரோட்டில் இறங்குபவர்கள் எமது பகுதியில் அநேகர். வயலுக்குள் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் தம்புள்ள வீதியில் ஒரு சைக்கிள்காரர் பெட்டியில் மோதினால் கதை வேறு. ஓட்டியவரிடம் செல்லுபடியான லைசன் இல்லையென்றால் காப்புறுதிக் கம்பனி கையை விரிக்க இடமுண்டு. அப்போது நட்டஈடு, புதிதாகக் கிடைத்த அரை ஏக்கரின் மேல்தான் வந்து விழும். அபராதத்தைவிட இதுவே எமக்குப் பயம்.

வாசலில் நிற்பவர்

ஓர் அலுவலகத்தின் வாசலில் எம்மோடு வந்த ஒரு தாயாரை மறித்து, "அம்மா, உள்ளே போனால் பின்னேரம் ஆகும். என்னிடம் தாருங்கள், அரை மணியில் முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னார். அவர் கேட்ட பணம் இரண்டு நாட்கூலிக்கு மேல். அவர் உண்மையில் செய்து கொடுப்பது என்ன? படிவத்தை நிரப்புவது, வரிசையைக் காட்டுவது. இரண்டும் உங்கள் வீட்டு ஓ.எல். படித்த பிள்ளை செய்யக்கூடிய வேலை. முகத்தைப் படம் பிடிக்கவும் கையொப்பம் வைக்கவும் நீங்கள்தான் போய் இருக்க வேண்டும். அதைத் தரகர் செய்ய முடியாது.

சிங்களம் எழுத வராது என்பதால்தான் பலர் தரகரிடம் அகப்படுகிறார்கள். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பின் தமிழும் அரசகரும மொழி. 1988இன் 16ஆவது திருத்தத்தின்படி, வடகிழக்குக்கு வெளியிலும் தமிழில் விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். கேட்கும்போது சண்டைக்குப் போவதுபோல் கேட்க வேண்டாம். கவுண்டரில் இருப்பவரும் மாதச் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். பெரும்பாலும் அவர் தமக்குத் தெரிந்த தமிழில் உதவவே பார்க்கிறார். எவராவது பற்றுச்சீட்டில்லாத பணம் கேட்டால் அது வேறு விடயம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954.

மண்ணுக்குள் போன லைசன்

மண்சரிவில் வீட்டோடு அட்டையும் போனவர்கள் புதுப்பிக்க முடியாது, பிரதிதான் எடுக்க வேண்டும். அதற்கு முதல் வேலை, தொலைந்ததைப் பொலிஸில் பதிந்து அந்த முறைப்பாட்டின் பிரதியை வாங்குவது. அடையாள அட்டையும் சேர்ந்து போயிருந்தால், இரண்டையும் ஒரே முறைப்பாட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அடையாள அட்டையை முதலில் எடுங்கள்; அது இல்லாமல் மற்றக் கதவுகள் திறக்கா. லைசன் இலக்கம் 'பி' என்ற ஆங்கில எழுத்துடன் தொடங்கி ஏழு இலக்கம் கொண்டதாக இருக்கும். அந்த இலக்கம் தெரிந்தால் பதிவைத் தேடுவது சுலபம். பழைய வேலைத்தலத்திலோ, காப்புறுதிப் பத்திரம் எழுதிய இடத்திலோ, குத்தகைக் கம்பனியிலோ உங்கள் லைசனின் போட்டோ கொப்பி கிடக்கக்கூடும். ஒருவருக்கு அவரது பழைய முதலாளியின் மேசை லாச்சியில் கிடைத்தது.

இன்னும் இழக்காதவர்கள் இன்றைக்கே லைசனின் இரு பக்கத்தையும் போட்டோ கொப்பி எடுத்து, வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பிள்ளைக்கும் அனுப்பலாம். மழைக்காலத்தில் மலைச்சரிவில் படுப்பவர்கள் பத்திரங்களையெல்லாம் ஒரே பொலித்தீன் பையில் கட்டி, தலைமாட்டில் வைப்பது நல்ல பழக்கம்.

கையில் பணம்

பணம் சேர்க்கும் வழியையும் பார்ப்போம். ஓட்டோக்காரருக்கு எட்டு வருடம் என்றால் 96 மாதம். மாதம் 50 ரூபா போட்டால் 4,800 ரூபா. லொறிச் சாரதிக்கு நான்கு வருடம், 48 மாதம். மாதம் 100 ரூபா போட்டால் அவருக்கும் அதே 4,800. ஒரு கிழமைக்கு ஒரு வெற்றிலைக் கூறு குறைத்தால் வந்துவிடும் தொகை. ஆனால் தனியே வீட்டில் வைத்தால் திருவிழாவுக்குப் போய்விடும். ஆகையால் சிறுசேமிப்புக் குழுக்களில், லைசன் கணக்கு என்று தனியாக ஒரு பக்கம் திறக்கும்படி கேட்கிறோம். விலைவாசி ஏறினால் அந்தத் தொகை போதாமலும் போகலாம். அப்போது குழுவிலிருந்து எடுக்கும் கடன் சிறியதாக இருக்கும், வட்டிக்காரரிடம் போகத் தேவையிராது.

பஸ் செலவைக் குறைக்கவும் ஒரு வழியுண்டு. கம்மடுவப் பக்கத்திலிருந்தும் லக்கலவிலிருந்தும் தனித்தனியே பஸ் பிடித்து வருபவர்கள் ஒரே வானில் வந்தால் தலைக்கு விழும் செலவு எவ்வளவோ குறையும். படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு பிள்ளையும் கூட வரலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது லைசனைக் கையோடு கொண்டுவாருங்கள். பின்பக்கத் திகதிகளை ஒரு கொப்பியில் பதிந்து, ஒரே மாதத்தில் முடிபவர்களை முடிவுத் திகதிக்கு மூன்று மாதம் முந்தியே ஒன்றாக அனுப்ப எண்ணியுள்ளோம். கொப்பியைப் பொறுப்பெடுக்க லக்கலச் சகோதரர் சம்மதித்திருக்கிறார்.